காவிரி நாட்டு நிலமும் ஊரார் ஆலோசனையும்

காவிரி பாயும் நாட்டிற் பிறந்தோர் யாவரும் இளமையிலேயே ஓர் உண்மையைக் கற்றுக்கொள்கின்றனர். தம் வயலுக்கு வரும் நீர் வேறொருவர் வயலோரமாக வந்த நீரென்பதும், தம் வயலினின்று வடியும் நீர் மற்றொருவர் வயலைச் சென்றடையும் நீரென்பதுமே அவ்வுண்மையாம். மேட்டு நிலத்திற் கிணறு வெட்டிப் பயிர் செய்வோன் தன் வேலிக்குள் தானே அரசனாயிருத்தல் கூடும். ஆற்றுப் பாய்ச்சலிலுள்ளோனுக்கு அஃது இயலாது. தலைமடையில் ஒருவர் வாய்க்காலைச் சுருக்கினால் கடைமடையில் மற்றொருவரின் நாற்றங்கால் காயும். கீழே ஒருவர் வடிகாலை அடைத்தால் மேலே மற்றொருவரின் பயிர் அழுகும். பட்டா ஒருவர் பேரில் இருப்பினும், அந்நிலத்தில் நேரும் மாறுதலின் பயன் வாய்க்கால் முழுவதற்கும் உரியது. ஆதலின், இந்நாட்டில் எந்நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்னும் வினா, பட்டாதாரரும் அலுவலகமும் மாத்திரம் பேசி முடித்துக்கொள்ளத் தக்கதன்று. அவ்வாய்க்காலால் வாழ்வோர் அனைவரையும் கேட்ட பின்னரே முடிக்கத் தக்கது. இக்கருத்தை நம் கல்லூரி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதலானேன்.

முதலில் யான் கண்ட ஒன்றைக் கூறுவேன். என் ஊர் வெண்ணாற்றுப் பாய்ச்சலிலுள்ள ஒரு சிற்றூர். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்ச் சாலையோரத்து நஞ்சை சில மாக்கள் மனைக்கட்டுகளாயின. மண் கொட்டி மேடாக்கியபோது, அந்நிலத்தின் நடுவே சென்ற சிறு வடிகாலுக்குப் பதிலாக ஒரு குழாயைப் புதைத்து மேலே பாதையிட்டனர். அவ்வாண்டு ஐப்பசியில் அடைமழை பெய்தது. நாலாள் அகலத்து வடிகால் கொண்டுசென்ற வெள்ளத்தை ஒரு குழாய் எவ்வாறு கொண்டுசெல்லும்? மேற்கேயுள்ள சம்பாப் பயிர் எட்டு நாள் நீருக்குள் நின்று அழுகியது. அங்கே குத்தகைக்குப் பயிரிட்டிருந்த முதியவர் ஒருவர் அலுவலகஞ் சென்று முறையிட்டார். அறிவிப்பு முன்னரே ஒட்டப்பட்டதென்றும், எவரும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லையென்றும் அவருக்கு விடை கூறப்பட்டது. அவர் திரும்பி வந்து, “நான் பேசவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள் தம்பி. என்னை யாரும் கேட்கவே இல்லையே!” என்றார். அவர்தம் சொல் இன்றளவும் என் செவியினின்றும் நீங்கிற்றில்லை. கேளாதவிடத்துப் பேசாதிருந்தவரின் மௌனம் சம்மதமென்று கணக்கிலேறியது. சட்டத்திற்கு மாறாக யாரேனும் நடந்தார் என்று கூற எனக்கு ஆதாரமில்லை. கேட்கும் முறையிலேதான் குறை உளது.

இஃது இவ்வாறிருக்க, காவிரிப் படுகையைக் காப்பதற்கென்று அண்மைக் காலத்திற் பெரியனவாகிய சில செயல்கள் நிகழ்ந்துள்ளன. அவற்றை நன்றியுடன் குறிப்பிடுதல் முறையாம். 2010-ஆம் ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்து நிலத்தடியிலுள்ள நிலக்கரிப் படுகையினின்று மீத்தேன் வாயு எடுக்க ஒரு தனியார் நிறுவனத்திற்கு உரிமை அளிக்கப்பட்டது. நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றினாலன்றி அவ்வாயு வெளிப்படாது என்பதை அறிந்த உழவர் திகிலடைந்தனர். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஊரூராகச் சென்று அதனை விளக்கினார். 2013 டிசம்பர் 30-ஆம் நாள் அவர் உயிர் நீத்ததும் இப்பணியினிடையே, பட்டுக்கோட்டைக்கு அருகிலேயாம். பின்னர் மாநில அரசு அமைத்த நிபுணர் குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது; அதனை ஏற்று 2015-இல் அரசு அத்திட்டத்திற்கு இசைவு மறுத்தது. 2020 பிப்ரவரி 20-ஆம் நாள் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர் ஜில்லாக்களும், இன்றைய மயிலாடுதுறையையும் உட்கொண்டிருந்த அன்றைய நாகப்பட்டினம் ஜில்லாவும், கடலூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் சில வட்டாரங்களும் அம்மண்டலத்தில் அடங்கும். எண்ணெய், எரிவாயு ஆகியவற்றைப் புதிதாகத் தேடுதலும் எடுத்தலும், செம்பு, துத்தநாகம், அலுமினியம் உருக்கும் ஆலைகளும், தோல் பதனிடுதலும், கப்பல் உடைத்தலும் அங்கே விலக்கப்பட்டன.

2023 மார்ச்சு மாத இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட நிலக்கரிச் சுரங்க ஏல அறிவிப்பில் தஞ்சாவூர் ஜில்லாவின் வடசேரியும், கடலூர் ஜில்லாவின் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயுள்ள பகுதியும், அரியலூர் ஜில்லாவின் மைக்கேல்பட்டியும் இடம் பெற்றிருந்தன. மாநில அரசைக் கலவாமல் இது செய்யப்பட்டதென்று முதலமைச்சர் பிரதமருக்கு எழுதினார். சில நாட்களுக்குள், ஏப்ரல் 8-ஆம் நாள், அம்மூன்றும் ஏலத்தினின்றும் நீக்கப்பட்டன. நல்லதே. ஆயினும் இதிலுள்ள ஒரு செய்தியை நாம் சிந்தித்தல் வேண்டும். ஏலம் விட எண்ணினோரும் தொலைவிலுள்ளவர். அதனைத் தடுத்தோரும் தலைநகரங்களில் உள்ளவர். வடசேரியில் ஏர் பிடிப்பவனுக்கு இவ்விரு செயல்களிலும் முன்கூட்டி உரைக்கும் இடம் ஒன்றும் இருந்ததில்லை. காப்பாற்றப்பட்டவனும் கேட்கப்படாதவனே. இன்று மேலிருந்து வந்த பாதுகாப்பு நாளை மேலேயே நின்றுவிடவுங் கூடும்.

அன்றியும், 2020-ஆம் ஆண்டுச் சட்டம் பேராலைகளைத் தடுக்கும் மதில். சிறு கசிவுகளைத் தடுக்கும் வரப்பன்று. அதற்கு முன்னரே நடைபெற்றுவந்த வேலைகளை அது தொடவில்லை. துறைமுகம், குழாய்வழி, சாலை, மின்சாரம் முதலிய பொது அமைப்புகளும் அதன் விலக்கிற்குப் புறம்பானவை. நஞ்சை மனையாதல், வடிகால் குறுகுதல், ஆற்று மணல் குறைதல், கடலோரத்தில் உப்புநீர்க் குட்டைகள் பெருகுதல் ஆகிய இவையெல்லாம் ஒவ்வொன்றாக நோக்குமிடத்து அற்பமாகத் தோன்றும். ஒரு மா, இரண்டு மா என்று குறைவதனை எச்சட்டசபை கண்டு தடுக்கும்? கண்ணெதிரே காண்பவர் ஊராரே. அச்சட்டம் மாநிலத்திற்கு முதலமைச்சர் தலைமையில் ஓர் அமைப்பையும், ஜில்லாவுக்குக் கலெக்டர் தலைமையில் ஒரு குழுவையும் வகுத்தது. ஜில்லாவுக்குக் கீழே, வயலும் வாய்க்காலும் உள்ள இடத்திற்கு, அதில் யாதொரு சபையும் வகுக்கப்படவில்லை.

“ஊரார் பேசுவதற்குத்தான் கிராம சபை உளதே, கலெக்டர் நடத்தும் குறைதீர்க்கும் கூட்டம் உளதே, சுற்றுச்சூழல் பற்றிய பொதுவிசாரணை உளதே!” என்று கூறுவார் உளர். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

கிராம சபை நம் அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தத்தாலும், 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிச் சட்டத்தாலும் உயிர் பெற்றது. வாக்குரிமையுள்ள ஊரார் அனைவரும் அதன் உறுப்பினர். அதனினும் பரந்த சபை வேறில்லை. ஆனால் அது குடியரசு நாள், விடுதலை நாள் என்றாற்போன்ற சில நாட்களிற் கூடி, குடிநீர், விளக்கு, தெரு, வேலை யாவற்றையும் ஒரு காலைப் பொழுதுக்குள் பேசிக் கலைகிறது. நெல்வயல் நடுவே குழி தோண்டல் வேண்டாமென்று பல ஊர்ச் சபைகள் தீர்மானஞ் செய்தன. அத்தீர்மானங்கள் எவர் மேசையை அடைந்தன, எவர் படித்தார், யாது விடை பகர்ந்தார் என்பதைத் தீர்மானஞ் செய்தோர் அறியார். மேலும் கிராம சபையின் எல்லை ஊரெல்லை. வாய்க்காலோ பத்து ஊர்களைக் கடந்து செல்வது.

விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் மாதந்தோறும் ஜில்லாத் தலைநகரில் நடைபெறுகிறது. அது பயனுடையதென்பதில் ஐயமில்லை. எனினும் அதன் பெயரே அதன் இயல்பைக் காட்டுகின்றது. குறை நேர்ந்த பின்னரே அங்கே செல்கின்றோம். குறை நேராமுன் யோசனை கேட்கும் இடமாக அஃது அமைந்ததில்லை.

பொதுவிசாரணை என்பது 2006 செப்டம்பர் 14-ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பெருந்திட்டங்களுக்கு நடைபெறுவது. முப்பது நாள் முன்னறிவிப்புத் தந்து, கலெக்டர் அல்லது அவரால் நியமிக்கப்பட்டவர் தலைமையில், திட்டம் அமையும் இடத்திலோ அதற்கு அருகிலோ அது நடைபெறல் வேண்டும். விதி நன்றே. ஆனால் எத்திட்டங்களுக்கு விசாரணை வேண்டுவதில்லை என்று வரையறுக்கும் அதிகாரமும் மத்திய அரசிடமே உளது. 2020 ஜனவரியில் எண்ணெயும் வாயுவும் தேடும் வேலைக்கு அவ்விசாரணை வேண்டுவதில்லையென்று திருத்தஞ் செய்யப்பட்டது. அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டசபை முன்கூறிய சட்டத்தை இயற்றியதற்கு இதுவும் ஒரு தூண்டுகோலாயிற்றென்று கருத இடமுண்டு. அதே ஆண்டில் அவ்வறிவிக்கையையே மாற்றியமைக்கும் புதிய வரைவொன்றை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்துக் கேட்டனர். அவ்வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு 2020 ஜூன் 30-ஆம் நாள் டில்லி உயர்நீதிமன்றம் கட்டளையிட நேர்ந்தது. கருத்துக் கேட்பார், கேட்கப்படுவோன் அறிந்த மொழியிற் கேட்டல் வேண்டும் என்னும் எளிய அறத்தை நிலைநாட்டுதற்கும் ஒரு வழக்கு வேண்டியிருந்தது!

முன்னரே கேளாமையால் நேரும் இழப்புக்கு நம் ஜில்லாக்களே சான்று. 1990-ஆம் ஆண்டுகளில் நாகப்பட்டினக் கடற்கரையில் இறால் குட்டைகள் விரைந்து பெருகின. நெல்வயலுக்குள் உப்பு ஏறியது. குடிநீர்க் கிணறுகள் கெட்டன. நடவுக்குச் செல்லும் பெண்டிர் வேலையிழந்தனர். நிலமற்றோர்க்கு நிலம் தேடித் தருவதைத் தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டிருந்த சங்கரலிங்கம் ஜெகநாதனும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாளும் ஊரார்க்குத் துணை நின்றனர். ஜெகநாதன் 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கடலோரப் பாதுகாப்பு எல்லைக்குள் அத்தகைய பெருங்குட்டைகள் கூடாவென்றும், வேளாண் நிலத்தையும் உப்பளத்தையும் அவற்றுக்காக மாற்றலாகாதென்றும் நீதிமன்றம் கூறியது. நீதி வென்றதென்று நாம் மகிழ்கின்றோம். ஆனால் குட்டை வெட்டிய பின், உப்பு ஏறிய பின், டில்லி வரை நடந்த பின் கிடைத்த நீதி அது. முதற் குட்டைக்கு மண்வெட்டி விழுமுன் அவ்வாய்க்கால் ஊரார் பதினைவரை அழைத்து, “இங்கே உப்புநீர் தேக்கினால் யாது நேரும்?” என்று கேட்டிருப்பின், அங்குள்ள எந்தக் கிழவியும் ஒரு நாழிகைக்குள் விடை கூறியிருப்பாள்.

யான் வேண்டுவது அத்தகைய ஒரு சபையையே. அதனை ‘வாய்க்கால் ஆலோசனைச் சபை’ என்று வழங்கலாம். ஒரு பெரு வாய்க்காலாலும் அதன் வடிகால்களாலும் வாழும் ஊர்கள் அனைத்துக்கும் ஒரு சபை அமைதல் வேண்டும். வருவாய்க் கிராமத்தின் எல்லையை அதற்கு எல்லையாகக் கொள்ளலாகாது. நீர் செல்லும் எல்லையே அதன் எல்லை. பதினைந்து பேர் போதும். தலைமடை ஊர்களுக்கும் கடைமடை ஊர்களுக்கும் அதிற் சமமான இடம் வேண்டும். நிலமுடையோர் பாதிக்கு மேற்படலாகாது. குத்தகைதாரரும் கூலி உழைப்பாளரும், வாய்க்கால் கடலைச் சேருமிடத்து மீனவரும் அதில் இருத்தல் வேண்டும். மகளிர் மூன்றிலொரு பங்கிற்குக் குறையலாகாது. மூன்றாண்டுக்கொரு முறை உறுப்பினர் மாறுதல் வேண்டும். சம்பளம் வேண்டா, வழிச்செலவு மாத்திரம் தரலாம். பாசனப் பொறியாளரும் வேளாண்மை அலுவலரும் உடனிருந்து தகவல் தருவாராக. அவர்க்கு வாக்கு வேண்டா.

இச்சபைக்கு மூன்று உரிமைகள் இருந்தாற் போதும். அவ்வெல்லைக்குள் நஞ்சையை வேறு பயனுக்கு மாற்றும் எவ்விண்ணப்பமும், வாய்க்காலையோ வடிகாலையோ தொடும் எவ்வேலையும், முடிவு செய்யப்படுமுன் தமிழில் அச்சபைக்கு வருதல் வேண்டும், இது முதலுரிமை. சபையார் நேரிற் சென்று இடத்தைப் பார்த்துத் தம் கருத்தை எழுதுதற்கு ஒரு மாத அவகாசம் வேண்டும்; இஃது இரண்டாமுரிமை. அதிகாரி அக்கருத்தை ஏற்பினும் மறுப்பினும் காரணங் காட்டி எழுத்தில் விடை தந்து, அவ்விடையை ஊராட்சி மன்றச் சுவரில் ஒட்டுதல் வேண்டும்; இது மூன்றாமுரிமை. இம்மூன்றிலும் கடைசியானதே உயிர்நாடி. காரணங் கூறக் கடமைப்பட்ட கை சிறிது நின்றே கையெழுத்திடும்.

“வெறும் யோசனை கூறும் சபையால் யாது பயன்? தடுக்கும் அதிகாரமில்லையேல் அது பல்லில்லாப் பாம்பன்றோ?” என்று நண்பரொருவர் என்னை வினவினார். யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். பின்னர் ஆராய்ந்து பார்க்குமிடத்து, அதிகாரமின்மையே அச்சபைக்கு ஒருவகைக் காப்பு என்று தோன்றுகின்றது. அனுமதி அளிக்கும் அதிகாரம் எங்கே உளதோ அங்கே பணப்பையும் கட்சிக்கொடியும் விரைந்து வரும். யோசனை மட்டும் கூறும் சபையில் அமர்வதற்கு ஊர்மேல் அக்கறையுள்ளோரே முன்வருவர். முடிவுக்குப் பொறுப்பு அரசினதாகவே இருக்கட்டும். அறியாமற் செய்தோம் என்று கூறும் வசதி மாத்திரம் அதற்கு இல்லாதொழியட்டும்.

இது புதுமையன்று. இராஜராஜ சோழன் 1010-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பயின்றோர் அறிவர். கோயிலுக்கு விட்ட ஒவ்வோர் ஊரின் நிலமும் அங்கே நுட்பமாக அளந்து குறிக்கப்பட்டுளது. ஊர் நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என்றவை வரியில்லா நிலமெனத் தனித்தனியே பிரிக்கப்பட்டுள. எந்நிலம் எதற்கு என்று எழுதி வைத்தல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் வழங்கிய செயல். தொண்டை மண்டலத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்க விதிகள் வகுத்ததும் யாவரும் அறிந்ததே.

ஆயினும் பழம்பெருமை பேசுங்கால் உண்மையை மறைத்தலாகாது. உத்தரமேரூர்ச் சபை பிராமணர்க்குரிய ஊரின் சபை. நிலமும் கல்வியும் உடைய ஆடவரே அதில் அமர்ந்தனர். பெரிய கோயிற் கல்வெட்டில் சேரி அளக்கப்பட்டது; சேரியாரின் கருத்து அளக்கப்பட்டதில்லை. ஆங்கில ஆட்சியில், சென்னை மாகாணத்துக் கட்டாய உழைப்புச் சட்டம் 1858-இல் வந்தது. குடிமராமத்து என்னும் பழைய வழக்கத்தைச் சட்டமாக்கி, கரையும் வாய்க்காலும் காக்கக் குடிகளை உழைக்கச் செய்தது. அன்று குடிகளின் தோளைக் கேட்டனர், வாயைக் கேட்டனரில்லை. விடுதலைக்குப் பின்னரும் இந்நெல்நாட்டில் கூலி உழைப்பாளர் வாய் திறப்பது எளிதாக இருந்ததில்லை. 1968 டிசம்பர் 25-ஆம் நாளிரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையானதை நாம் மறத்தல் தகுமோ? கூடுதற் கூலி கேட்டோரின் சேரியிலன்றோ அக்கொடுமை நிகழ்ந்தது? ஆதலின் வாய்க்கால் சபையில் உழைப்போர்க்கு இடம் என்று யான் கூறியது அலங்காரத்திற்காகவன்று. மிராசுதாரர் மாத்திரம் கூடினால் அது பழைய சபையே. பிறர் அங்கே அஞ்சாது பேச வேண்டுமாயின், அவர்க்கென்று எண்ணிக்கையும் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும்.

நம் அண்டையிலுள்ள கேரளம் இவ்வழியில் ஓரடி முன் சென்றுளது. அங்கே 1970-ஆம் ஆண்டுகளின் நடுவில் ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேர் நெல் விளைந்தது. பின்னர் அது நான்கிலொரு பங்களவிற்குச் சுருங்கியது. அதனைக் கண்டு 2008-இல் நெல்வயலையும் நீர்நிலத்தையும் காக்கும் சட்டம் இயற்றினர். அதன்படி ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. ஊராட்சித் தலைவர் அதன் தலைவர். வேளாண்மை அலுவலர் கூட்டுநர். கிராம அலுவலரும் நெல் விளைவிக்கும் உழவர் மூவரும் அதில் அங்கத்தினர். வயலில் வீடு கட்ட விரும்புவோன் விண்ணப்பத்தை அவர்கள் நேரில் ஆராய்ந்து பரிந்துரைக்கின்றனர். எவ்வயல் எங்குளது என்ற பதிவேட்டைத் தொகுப்பதும் அவர்தம் பணியே. இதிலும் குறைகள் நேர்ந்தன. பல ஊர்களிற் பதிவேடு முற்றுப்பெற ஆண்டுகள் பல சென்றன. பதிவில் விடுபட்ட நிலத்தைக் கட்டணஞ் செலுத்தி மாற்றிக்கொள்ளும் வழியை 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் திறந்துவிட்டது. எனினும், வயலை நிரப்புவதற்கு முன் உழவர் மூவரின் கண் அதன்மேற் படவேண்டும் என்னும் விதியை அவர்கள் எழுதிவிட்டனர். நம் படுகைச் சட்டத்தில் அவ்விதி இன்னும் ஏறவில்லை.

கடல் கடந்த நாடுகளிலும் இதற்கு ஒப்பானவை உள. காவிரிப் படுகையைப் போன்றே ஆற்று முகத்துவாரத்திலுள்ள ஒல்லாந்து தேசத்தில், கரையும் வடிகாலும் காக்கும் நீர்ச் சபைகள் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் நடைபெறுகின்றன; இன்றும் அங்குள்ளோர் தேர்தல் நடத்தி உறுப்பினரைத் தெரிந்தெடுக்கின்றனர். அமெரிக்காவின் மஸாசூஸெட்ஸ் மாகாணத்தில் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் ஊரும் இயற்கைக் காப்புக் குழு அமைத்துக்கொள்ள இடமளித்தது. முதலில் யோசனை கூறுதலும் காக்கத்தக்க நிலத்தைக் கண்டறிதலுமே அவற்றின் பணி. அக்குழுக்கள் தம் உழைப்பால் மதிப்புப் பெற்றமையால், சதுப்பு நிலங்களைக் காக்கும் சட்டத்தை நடத்தும் பொறுப்பும் 1972-இல் அவற்றிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆலோசனையால் நம்பிக்கையும், நம்பிக்கையால் பொறுப்பும் வளர்ந்தன என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இக்கருத்திற்கு எதிராகக் கூறப்படுவனவற்றுள் ஒன்று மிக வலியுடையது. அதனை மறைத்துச் செல்லல் நேர்மையன்று. “நெல் விளைவித்து உழவன் கண்டது யாது? மகள் கலியாணத்திற்கும் மருத்துவச் செலவிற்கும் அவன் கையிலுள்ளது அரைக்காணி நிலமொன்றே. அதனை மனையாக விற்றால் நாலு காசு மிகுதியாகக் கிடைக்கும். அதனையும் தடுக்க ஒரு சபையா?” என்று கேட்கின்றனர். இவ்வினாவின் முன் யான் தலை குனிகின்றேன். நெல்லுக்குக் கட்டுப்படியாகும் விலையில்லாதவரை நிலத்தைக் காக்கும் எச்சட்டமும் உழவன் முதுகின்மேலேயே சுமையாகும். ஆயினும், மனை வேண்டுவதும் மெய்; வடிகால் வேண்டுவதும் மெய். நம் ஊர்களிற் பெரும்பாலானவற்றில் திடல்களும் மேட்டுப் புஞ்சைகளும் உள. எங்கே மனை அமைந்தால் ஒருவர்க்கும் கேடில்லை, எங்கே அமைப்பினும் எத்துணை அகலம் வடிகாலுக்கு விடல் வேண்டும் என்பதை முன்னரே ஒரு படத்திற் குறித்து வைப்பின், விற்போனுக்கும் தடையில்லை, பயிரிடுவோனுக்கும் நட்டமில்லை. என் ஊர் முதியவர் மனையே கூடாதென்று வாதிக்கவில்லை. குழாய்க்குப் பதிலாக ஒரு சிறு மதகு கட்டியிருப்பின் அவர் பயிர் பிழைத்திருக்கும். அதனைக் கூற ஓரிடமின்மையே அவர் குறை.

காலதாமதம் நேருமென்பது மற்றொரு தடை. ஒரு மாதம் பொறுத்தலால் ஒரு வேலையும் கெடாது. கேளாமற் செய்துவிட்டு வழக்கிலும் மறியலிலும் ஆண்டுகள் பல கழிப்பதனோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. ஊரார்க்கு விஞ்ஞானந் தெரியாது என்பது மூன்றாவது தடை. மண்ணின் உப்பை அளக்கும் முறை அவர்க்குத் தெரியாதிருக்கலாம். ஆனால் எந்தக் கண்ணாற்றில் எந்த மழைக்கு எத்தனை நாள் நீர் நிற்கும் என்பது எந்த நிபுணரின் நூலிலும் இல்லை. அஃது அவர் நினைவிலே உளது. 2018 நவம்பரில் கஜாப் புயல் வேதாரணியப் பக்கத்தைத் தாக்கிப் படுகையின் தென்பகுதியைச் சிதைத்தது. இவ்வாறு இன்னும் வரவிருக்கும் புயலுக்கும் உயர்ந்துவரும் கடலுக்கும் முன்னே, நூலறிவும் நினைவறிவும் ஒரே பாயில் அமர்ந்து பேசுதல் இன்றியமையாதது.

மாணவ நண்பர்களே! சபை அமையட்டும் என்று காத்திராது நீவிர் தொடங்கத்தக்கனவும் உள. உங்களிற் பலர் இப்பாய்ச்சலிலுள்ள ஊர்களினின்றே வந்தவர். விடுமுறைக்குச் செல்லுங்கால் உம் ஊர்ப் புலப்படத்தை வாங்கி, அதில் வரைந்துள்ள வாய்க்கால்களும் வடிகால்களும் இன்று எவ்வெவ்விடத்தில் உள, எவ்வெவ்விடத்தில் மறைந்தன என்பதைக் காலால் நடந்து பார்த்துக் குறித்து வருக. முதியோரைக் கேட்டு வெள்ளம் நின்ற ஆண்டுகளை எழுதி வைப்பீராக. ஊராட்சிச் சுவரிலும் அலுவலகப் பலகையிலும் ஒட்டப்படும் அறிவிப்புகளைப் படித்து, எழுத்தறியாதார்க்கு எடுத்துரைப்பீராக. ஆங்கிலத்திலுள்ளதை எளிய தமிழிற் பெயர்த்துத் தருவது தமிழ்த்தாய்க்குச் செய்யும் பணியே. 2005-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் ஒரு சிறு கட்டணத்திற்கு எவர்க்கும் விடை வாங்கித் தரும், அதனைப் பயன்படுத்துவீராக. பழைய மாணவர்களுள் அரசுப் பணியில் அமர்ந்துள்ளோர்க்கும் ஒரு வேண்டுகோள். “ஆட்சேபணை வரவில்லை” என்று கோப்பில் எழுதுமுன், “யாரைக் கேட்டோம்?” என்று ஒரு வரி சேர்த்தெழுதுங்கள். அதற்குப் புதிய சட்டம் ஒன்றும் வேண்டுவதில்லை.

ஊர் கூடித் தேர் இழுத்தல் நம் நாட்டு வழக்கம். தேர் ஓடுவதற்கு முன் தெருவில் எங்கே பள்ளம், எங்கே திருப்பம் என்று வடம் பிடிப்போரும் கட்டை போடுவோரும் தம்முட் பேசிக்கொள்வர். பேசாது இழுத்த தேர் வீட்டுத் திண்ணையை இடிக்கும். காவிரி நாட்டின் நிலத்தைப் பற்றிய முடிவுகளும் அத்தகையனவே. என் ஊர் முதியவர் இப்பொழுது குத்தகையை விட்டுவிட்டார். அவ்வயலை இப்போது அவர் பேரன் உழுகின்றான். அவனையேனும் கேட்டு எழுதுவோமாக.